வெற்று நிலம் என்றொரு பொய்: எல்லைநிலக் கதைகளும் தோட்டக்காட்டு யதார்த்தமும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரை நினைவுகூர நாம் ஒரு மலையூரில் கூடியிருப்பது பொருத்தமானது. அவருடைய பொதுவாழ்வு வேர்பிடித்தது நீலகிரி மலையில். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டியதும் அங்கேதான். இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்கு வருவதற்கு முன் உதகையில் கணக்கராக வேலை பார்த்தவர். தேயிலையும் காப்பியும் விளைந்த மலைகளுக்கும் நம் அரசியலின் தொடக்கத்துக்கும் உறவு உண்டு. அந்த உறவை இலக்கியத்தின் வழியாகப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அமெரிக்க எல்லைநிலச் சிறுகதைகளில் யதார்த்தவாதமும் இயற்பண்புவாதமும் என்பது ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்குப் பழகிய பாடம். கிளியூரில் கூடியிருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. காட்டை அழித்து, மலையைப் பிடித்து, புதிதாக ஓர் உற்பத்தியை நிறுவுகிற இடம் எல்லாமே எல்லைநிலம்தான். அமெரிக்காவில் அது கோதுமைச் சமவெளியாகவும் தங்கச் சுரங்கமாகவும் இருந்தது. இங்கே காப்பித் தோட்டமாக இருந்தது. அந்த இடத்தில் மனிதர் ஏன் செத்தார் என்று கதை சொல்லும்போது, யாரைக் குற்றவாளியாக நிறுத்துகிறோம்? இன்று நாம் பேசப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

1893

1893ஆம் ஆண்டு ஜூலையில் சிகாகோ நகரில் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை வாசித்தார். மேற்கே மேற்கே நகர்ந்துகொண்டிருந்த குடியேற்ற எல்லையும், அங்கே கிடைத்த இலவச நிலமுமே அமெரிக்க மனிதனையும் அமெரிக்க ஜனநாயகத்தையும் உருவாக்கின என்பது அவர் வாதம். அந்த எல்லைக்கோடு மறைந்துவிட்டது என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்திருந்தது. அதைத் தொடங்குபுள்ளியாக வைத்தே அவர் பேசினார்.

அதே 1893இல் தென்னிந்தியாவின் தோட்ட முதலாளிகள் ஒன்றுகூடி, உபாசி என்று இன்றும் அழைக்கப்படும் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனால் சேர்த்து வைத்துப் படிக்கும்போது ஒரு முழுப் படம் கிடைக்கிறது. நிலம் வெறுமையாகக் கிடந்தது என்றது ஒரு குரல். அப்படிப் பிடித்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அமைப்பாகத் திரண்டது இரண்டாவது. அந்நிலங்களில் உழைக்க அனுப்பப்பட்ட மக்களின் பெயரையே தலைப்பாக ஏற்று எழுந்தது மூன்றாவது குரல்.

‘இலவச நிலம்’ யாருடையது? 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. 1887இல் வந்த டாஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொதுநிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. அப்போது 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்களின் நிலம் 1934இல் ஏறத்தாழ 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியிருந்தது.

நம் பக்கம் திரும்புவோம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. தீண்டப்படாத மக்களுக்கு நிலம் கொடுக்க வழிசெய்த அந்த ஆணையிலிருந்தே பஞ்சமி நிலம் பிறந்தது. இன்றுவரை அதை மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறோம். நிலம் கைக்கு வராத மக்களே கூலிக்காக மலையேறினார்கள், கடல் கடந்தார்கள். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து புறப்பட்ட அந்தக் கூட்டங்களில் பறையரும் பள்ளரும் சக்கிலியரும் பெருந்தொகையாக இருந்தார்கள்.

குளிர் கொன்றதா, குத்தகை கொன்றதா?

அமெரிக்க எல்லைநிலக் கதைகள் தொடக்கத்தில் கனவுக் கதைகளாகவே இருந்தன. 1868இல் பிரெட் ஹார்ட் எழுதிய சுரங்க முகாம் கதையில் முரடர்களின் நெஞ்சு ஒரு குழந்தையால் கனிகிறது. அடுத்த தலைமுறை அந்த இனிப்பை ஒதுக்கியது. அதற்குள் இரண்டு பாதைகள் இருந்தன.

ஒன்று இயற்பண்புவாதம். பிரான்சில் எமிலி ஸோலா 1880இல் இதற்குக் கோட்பாடு வகுத்தார். பரம்பரையும் சூழலும் மனிதனைத் தீர்மானிக்கின்றன, எழுத்தாளன் அதைச் சோதனைச்சாலையில் நிற்பவனைப் போலப் பதிவுசெய்ய வேண்டும் என்றார். ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட, நெருப்பு மூட்ட முயலும் மனிதனின் கதை இதற்குப் பெயர்பெற்ற சான்று. யூக்கான் பனிவெளியில் பெயரில்லாத ஒருவன் நாயோடு நடக்கிறான். பூஜ்யத்துக்குக் கீழே 75 பாகை குளிர். நெருப்பு அணைகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, அவன் சாகிறான். இயற்கைக்கு அவன்மேல் பகையும் இல்லை, பரிவும் இல்லை.

இக்கதையின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு வரித் தகவல் ஒளிந்திருக்கிறது. அவன் ஏன் சுற்றுவழியில் வந்தான்? வசந்த காலத்தில் ஆற்றுத் தீவுகளிலிருந்து மரம் வெட்டி இறக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் போக வந்தான். மர வணிகம் அவனை அங்கே கொண்டுவந்தது. கதையோ குளிரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துகிறது. அந்த மண்ணைச் சேர்ந்தது என்று அதில் சொல்லப்படுவது நாய் மட்டும்தான். பூர்வகுடி மனிதர் ஒருவர்கூட இல்லை. இதே லண்டன் 1902இல், வெள்ளையர் நீதிமன்றத்தில் நிற்கும் பூர்வகுடி முதியவரின் கதையையும் எழுதியவர். ஆனால் பாடப்புத்தகங்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது பனிக்கதையைத்தான்.

இரண்டாவது பாதை ஹாம்லின் கார்லண்டுடையது. 1889இல் வெளியாகி, 1891இல் அவருடைய தொகுப்பில் இடம்பெற்ற சிங்கத்தின் பாதத்தின் கீழ் என்ற கதையில், வெட்டுக்கிளியால் எல்லாவற்றையும் இழந்த ஹாஸ்கின்ஸ் குடும்பம் பட்லர் என்பவரின் பாழ்நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறது. மூன்றாண்டு இரவும் பகலும் உழைத்து அதைப் பண்ணையாக்குகிறது. வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், பட்லர் விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறார். அவர்கள் உழைத்து உயர்த்திய மதிப்புக்கு அவர்களிடமே விலை கேட்கிறார். சட்டம் பட்லர் பக்கம் நிற்கிறது. வெட்டுக்கிளியிடமிருந்து தப்பித்தவர்கள் பத்திரத்திடமிருந்து தப்பிக்க முடியவில்லை.

வேறுபாடு இங்கே தெளிவாகிறது. குளிரைக் காட்டுகிற கதை நம்மை நடுங்க வைக்கிறது. குத்தகைக் கணக்கைக் காட்டுகிற கதை நம்மைக் கேள்வி கேட்க வைக்கிறது. ஆயினும் கார்லண்டின் கதையிலும் ஒரு குடிசை விடுபட்டிருக்கிறது. பட்லருக்கு முன் அந்த மண் யாரிடம் இருந்தது? அந்தக் குடிசையிலிருந்து எழுந்த எழுத்து ஸிட்கலா ஷாவுடையது. யாங்க்டன் ஒதுக்கிடத்தில் 1876இல் பிறந்த அந்தப் பெண், 1900இல் அட்லாண்டிக் மாத இதழில் தன் குழந்தைப் பருவத்தையும் பள்ளி என்ற பெயரில் தன் கூந்தல் கத்தரிக்கப்பட்டதையும் எழுதினார். அதன்பின் எல்லைநிலத்தை வெற்று நிலம் என்று சொல்ல முடியாமல் போயிற்று.

சேர்வராயன் மலையின் கணக்கு

இந்த மலைக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டுக்கு வரும் எல்லாருக்கும் சொல்லப்படும் வரலாறு. கிளியூர் அருவியைப் பார்க்க வருகிறவர்கள் சில்வர் ஓக் மரத்தையும் அதில் ஏறிய மிளகுக்கொடியையும் அடியில் நிற்கும் காப்பிச் செடியையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காக்பர்னுக்கு முன்பே இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் அமைத்து, சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்தார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களின் வழிவழிக் கதை சொல்கிறது. இந்த மலை வெறுமையாக இருந்ததே இல்லை.

தோட்டங்களை எழுப்பியது முன்பணமும் சட்டமும். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வழிசெய்தது. 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இலங்கையில் ‘துண்டு’ என்ற ஒரு சீட்டு இருந்தது. அதில் தொழிலாளியின் கடன் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆள் மாறுவான். 1921இல் அது ஒழிக்கப்பட்டது. ஆக, குளிரும் அட்டையும் மலேரியாவும் மலையில் இருந்தது உண்மை. அவற்றுக்கு நடுவே மனிதனைக் கட்டிப் போட்டது காகிதம்.

மருதியும் வள்ளியும் கொழுந்துக் கூடையும்

தமிழில் இந்த உலகத்தைச் சிறுகதைக்குள் கொண்டுவந்த முன்னோடி ஆக்கம் புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’. 1935இல் மணிக்கொடியில் வந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடிய பாரதியின் பாட்டிலிருந்து தலைப்பு வந்தது. வாசவன்பட்டிச் சேரியின் மருதி, கணவன் வெள்ளையன் சிறைக்குப் போன நிலையில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அவள் உடல் சூறையாடப்படுகிறது, நோய் பற்றுகிறது.

இக்கதை நமக்குள் ஒரு விவாதமாகவே இருந்து வருகிறது. 2014இல் தலித் மக்களை இழிவாகக் காட்டுகிறது என்ற புகாரை அடுத்து சென்னைப் பல்கலைக்கழகம் இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. சேரியை ஏளனம் கலந்த தொனியில் வர்ணிக்கும் இடங்கள் கதையில் உண்டு. வகுப்பறையில் உட்கார்ந்து அதைக் கேட்கும் நம் பிள்ளைக்கு ஏற்படும் காயம் கற்பனை அல்ல. அதே நேரத்தில் ஊரின் சாதி ஆதிக்கமும் தோட்டத்தின் வெள்ளை அதிகாரமும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்று 1935லேயே காட்டிய கதையும் இதுதான். எங்கள் நிலைப்பாடு இது: கதையை எடுத்துவிட்டதால் விவாதம் முடியவில்லை, நின்றுபோனது. மருதிக்கு நடப்பதெல்லாம் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. மருதி என்ன நினைத்தாள், எதை எதிர்த்துக் கணக்குப் போட்டாள் என்பது போதிய அளவு எழுதப்படவில்லை. இயற்பண்புவாதத்தின் வரம்பு அது. சூழல் பேசுகிறது, ஆள் பேசுவதில்லை. இதை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கதை வகுப்பறையில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே வேறு கதைகளும் இருக்க வேண்டும்.

அந்த வேறு கதைகள் இருக்கின்றன. பி.எச்.டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். 1969இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவலை இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். மயிலோடையிலிருந்து புறப்படும் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தால் எப்படிப் பூட்டப்படுகிறார்கள் என்பதை அது படிப்படியாக விவரிக்கிறது. மருத்துவர் என்பதால் நோயை அவருக்குத் தெரியும். சங்கத்துக்காரர் என்பதால் நோய்க்குப் பின்னால் இருந்த கூலிக் கணக்கும் தெரியும்.

அடுத்தது இலங்கை மலையகச் சிறுகதை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின்னர், 1960களின் தொடக்கத்தில் என்.எஸ்.எம்.ராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதினார். ஒரு பெண் ஒரு நாளில் எடுத்த கொழுந்தின் எடையையும், அதன்மேல் எழும் சந்தேகத்தையும் சுற்றி நகரும் கதை. தோட்டத்தில் ‘பேர்’ விழுந்தால்தான் கூலி. அளவு குறைந்தால் ‘அரைப் பேர்’. அந்தக் கணக்கின் உள்ளே நின்றுகொண்டு, தன் விரல்களின் திறமையை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறாள் அவள். மருதியைப் பார்த்து நாம் இரங்குகிறோம். இவளைப் பார்த்து நிமிர்கிறோம். தெளிவத்தை ஜோசப்பும் அவர் தலைமுறையும் லயத்துக்குள் இருந்தபடியே இந்தப் பாதையை அகலப்படுத்தினார்கள். 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசுகள் ஆள்கணக்குப் பேசியபோது, அந்த எண்ணுக்குள் இருந்த மனிதருக்கு முகம் கொடுத்தது இந்த எழுத்து. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள்.

நம் முன் இருக்கும் வேலை

ஆகவே இந்த மலையிலிருந்து எழுத வரும் இளைஞர்களிடம் மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, மழை கொன்றது, பனி கொன்றது என்று எழுதும் முன் வரிசை வீட்டின் கூரையை யார் போட்டார், யார் போடாமல் விட்டார் என்று கேளுங்கள். உங்கள் பாட்டி வைத்திருக்கும் பழைய சம்பளச் சீட்டு ஓர் இலக்கிய ஆவணம். அதைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டாவது, நம் மக்களைத் துன்பப்படும் உடலாக மட்டும் எழுதாதீர்கள். காப்பிப் பழம் பறிக்கும் நாளில் எடைத்தட்டின் அருகே ஒரு பெண் முள்ளைக் கவனிக்கிறாளே, அந்தக் கவனிப்பு அறிவு. சங்கக் கூட்டத்துக்குப் போகலாமா என்று இரவில் அவள் யோசிக்கிறாளே, அது அரசியல். இவை கதைக்குள் வரும்போது யதார்த்தம் முழுமையடைகிறது.

மூன்றாவது, நாம் எழுதும் கதையிலும் மலை வெற்று நிலமாகிவிடக் கூடாது. கூலிக்காக மலையேறிய நம் முன்னோரின் கதையை எழுதும்போது, அதற்கு முன்பே இங்கிருந்த மலையாளி மக்களின் நிலமும் ஊரும் சாமியும் அதில் இருக்கட்டும். டர்னர் செய்த மறைப்பை நாம் செய்தால், பண்டிதரின் பெயரைச் சொல்லும் தகுதி நமக்கு இராது. பூர்வகுடிகளே இந்நாட்டின் மூத்த உரிமையாளர்கள் என்ற வழக்கை எழுத்தில் தொடுத்தவர் அவர்.

1907இல் அவர் தொடங்கிய இதழின் விலை ஒரு பைசா. கூலிக்காரரின் கைக்கும் எட்டும் விலை. நாம் எழுதப்போகும் கதைகளும் வரிசை வீடுகளில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். கேட்கிறவர்கள் அதில் தங்கள் பேர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜெய்பீம்.