மாந்தை மேட்டில் ஒரு பகல்: துறைமுக வரலாறும் உழைப்பின் தடமும்

1

துறைமுக நகரங்களின் வரலாறு பெரும்பாலும் வந்து சென்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிரேக்க மாலுமி, பாரசீக வணிகன், அராபியத் தரகன், சோழ அதிகாரி ஆகியோர் அவ்வரலாற்றிற் பெயர் பெற்றுள்ளனர். அவர்தம் கலங்களிற் பொதி ஏற்றியோரும், அவர்கள் உண்ட நெல்லை விளைவித்தோரும், முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியோரும் பெயரற்றவராகவே நின்றுவிட்டனர். மாதோட்டம், மாந்தை, மகாதித்த என்னும் பெயர்களால் வழங்கிய ஈழத்துப் பெருந்துறையினை இப்பெயரற்றோரின் நிலையினின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலகத்தில் மட்டுமிருந்து இதனைச் செய்தல் இயலாதென்று கருதியமையால், ஒரு பகற்பொழுதை அந்நிலத்திற் கழித்தோம். காலையிற் பாப்பாமோட்டையினின்று புறப்பட்டோம். ‘மோட்டை’ என்பது மன்னார், வன்னிப் பகுதிகளிற் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். மழைநீரைத் தேக்கி வைத்தாலன்றி வாழவியலாத வரண்ட கரையின் வரலாறு அவ்வூர்ப் பெயரிலேயே அடங்கியுள்ளது. 2008ஆம் ஆண்டில் போர்முனையாக இருந்த மன்னார்–பூநகரி வீதியூடாகத் தெற்கு நோக்கி வந்து, திருக்கேதீச்சரச் சூழலிலுள்ள மாந்தை மேட்டினை அடைந்தோம். குதிரை இலாடத்தின் வடிவில் அமைந்த மேடு, அதனைச் சூழ்ந்து இரட்டை அகழியின் தடம், முட்புதர், மேயும் ஆடுகள். பல நூற்றாண்டுகளாக உலக வணிகம் கூடிய இடம் இதுவென்பதை அறியாதார்க்கு அது வெறும் மண்மேடே.

2

கிரேக்க, உரோம எழுத்தாளர் இத்தீவைத் தப்ரபேன் எனக் குறித்தனர். தொலமியின் புவியியல் நூலிற் காணப்படும் ‘மொதுத்து’ என்னும் வணிகப்பட்டினம் மாதோட்டமே எனக் கருதும் ஆய்வாளர் உளர். எனினும், தொலமி தரும் அமைவிடம் தீவின் கீழைக் கரையைச் சுட்டுவதால் அக்கருத்தை முடிந்த முடிபாகக் கொள்ளவியலாது.

பிளினி கூறும் செய்தி நம் நோக்கிற்கு மேலும் பயன்படுவதாகும். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளொக்காமுஸ் என்பானின், அடிமைநிலையினின்று விடுவிக்கப்பட்ட ஏவலன் ஒருவன், காற்றினால் அலைக்கப்பட்டுப் பதினைந்தாம் நாளில் ஹிப்புரொஸ் என்னும் துறையை அடைந்தான் என்பது அச்செய்தி. கிரேக்க மொழியிற் குதிரையைக் குறிக்கும் சொல் இப்பெயரில் அமைந்திருப்பதால், மாந்தைக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையுடன் அதனைத் தொடர்புபடுத்துவர். எகிப்தின் கீழைப் பாலைவனப் பாதையொன்றில், கி.பி. 6ஆம் ஆண்டுக்குரிய கிரேக்க, இலத்தீன் பொறிப்புகளில் இதே பெயருடைய வரிக்குத்தகையாளன் குடும்பத்தைச் சேர்ந்த லீசாஸ் என்னும் அடிமையின் பெயர் காணப்படுகின்றது. உரோமின் கீழைத்தேய வணிகம் அடிமைகளதும் விடுதலை பெற்ற அடிமைகளதும் கால்களில் நடந்தது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

மறுகரையிலும் நிலை வேறன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டினதான எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ், பாண்டியரின் கொற்கையிலே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டதெனக் கூறுகின்றது. உரோமச் சீமாட்டியின் கழுத்திலே கிடந்த முத்து, ஒரு கைதி அடக்கிய மூச்சின் விலையாகும். நம் இலக்கிய வரலாற்று நூல்கள் யவனர் கொணர்ந்த பொன்னையும் மதுவையும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கின்றன. அவற்றுக்கு மாற்றாகச் சென்ற பண்டங்களை உற்பத்தி செய்தோரின் நிலைபற்றி அவை கேட்பதேயில்லை.

3

மாந்தை மேட்டை 1880களிலிருந்து பலர் ஆராய்ந்துள்ளனர். போக், ஹோகார்ட், சண்முகநாதன் ஆகியோரைத் தொடர்ந்து, 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் விரிவான அகழ்வு நடைபெற்றது. போர் அதனை நிறுத்தியது. அதன் முழு அறிக்கை 2013இலேயே நூலாக வெளிவந்தது. சீனத்து மட்பாண்டங்களும் மேலாசியாவின் மெருகிட்ட கலங்களும் அங்கு கிடைத்துள்ளன.

போருக்குப் பின், 2009–2010 அகழ்வுகளிற் பெறப்பட்ட தாவர எச்சங்கள் பற்றிய ஆய்வு 2018இல் வெளியிடப்பட்டது. மிளகு, கி.பி. 900–1100 காலத்துக் கிராம்பு, கி.பி. 100–200 காலத்துக் கோதுமை, கி.பி. 650–800 காலத்துத் திராட்சை விதை என்பன அதில் இனங்காணப்பட்டன. மொலுக்காத் தீவுகளிலிருந்து வந்த கிராம்பு பத்திரிகைகளின் கவனத்தைப் பெற்றது இயல்பே. ஆயின், அம்மண்ணில் மிகுதியாகக் கிடைத்த தானியம் நெல் ஆகும். நம் நோக்கில் அதுவே முதன்மையான சான்று.

வரண்ட இக்கரையில் நெல் தானாக விளைவதில்லை. அதற்குக் குளம் வேண்டும். குளத்துக்கு மண் சுமக்கும் தோள்கள் வேண்டும். கட்டுக்கரைக் குளத்தையும், அநுராதபுரத்தை இக்கரையோடு இணைத்த அருவியாற்றுப் படுகையையும் நீக்கிவிட்டு மாந்தையை விளங்கிக்கொள்ளல் இயலாது. கடல் வணிகம் துறைமுகத்தை வளர்த்தது என்பது பாதி உண்மை. பின்னிலத்து உழவரிடமிருந்து பெறப்பட்ட உபரியே அத்துறைமுகத்துக்கு உணவூட்டியது என்பது மறுபாதி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பண்டங்களிடையே ஈழத்து உணவையும் குறிப்பிடுகின்றது. அவ்வுணவை விளைவித்தவன் அப்பாட்டில் இல்லை.

4

சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியுள்ளனர். சுந்தரரின் பதிகத்தில் மரக்கலங்கள் நிறைந்த துறையும் இறைவனின் உறைவிடமும் ஒரே காட்சியாக இணைகின்றன. பக்தியின் மொழி துறைமுகத்தின் செல்வத்தைப் புனிதமாக்குகின்றது. அதே வேளையில் அச்செல்வத்தின் இருப்பிற்குச் சான்றாகவும் அமைகின்றது. கருத்துநிலையின் இவ்விரு முகங்களையும் ஒருங்கே காண்பதே இலக்கிய வரலாற்று மாணவனின் கடமையாகும்.

சோழர் ஆட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி அங்கு இராசராச ஈச்சரத்தை எடுப்பித்தான். அக்காலத்து மற்றுமொரு கல்வெட்டு, திருவிராமீச்சரத்தில் விளக்கெரிப்பதற்கான பணம் சங்கரபாடியாரிடமும் வெற்றிலை வாணியரிடமும் வாழைக்காய் வாணியரிடமும் ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. கொடையாளிக்குப் புண்ணியம், கோயிலுக்கு விளக்கு, அவ்விளக்கு அணையாது காக்கும் பொறுப்போ எண்ணெயும் வெற்றிலையும் விற்றோருக்கு. நகரின் சிறு வணிகர் வரலாற்றில் முகங்காட்டும் அரிய இடம் இது. கூலியாளருக்கு இதுவும் வாய்க்கவில்லை.

துறைமுகம் பதினோராம் நூற்றாண்டின் பின் தளர்ந்தது. சுரண்டலின் அமைப்பு தொடர்ந்தது. 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பில் பிரித்தானிய அரசு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் ஈட்டியது. எடுத்த சிப்பியில் மூன்றிலிரு பங்கு அரசுக்கு. குளித்தவர் தரப்புக்கு ஒரு பங்கு. மறு ஆண்டில் இருபது ஆண்டுக் குத்தகையாகப் படுக்கைகள் தனியார் கம்பனியொன்றிடம் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகளுள் அவை வெறுமையாயின.

5

மாலையில் மேட்டினின்று இறங்கியபோது ஒரு கேள்வி நம்மைத் தொடர்ந்தது: இம்மண் யாருக்குரியது? சைவர் இதனைத் தம் திருத்தலமென்பர். சிங்கள வரலாற்றாசிரியர் அநுராதபுரத்தின் துறையென்பர். இரண்டும் உண்மையே, ஒன்று மற்றையதை விலக்குமெனக் கருதுவதே பொய். பாரசீகக் கிறித்தவர் இத்தீவில் வாழ்ந்ததை ஆறாம் நூற்றாண்டின் கொஸ்மாஸ் எழுதியுள்ளார். மேலாசியக் கலவோடுகள் முஸ்லிம் மக்களின் தொன்மைத் தொடர்பை நினைவூட்டுகின்றன. இருந்தும் 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பல இனத்தாரின் உழைப்பால் எழுந்த கரையில் ஓரினத் தூய்மையைத் தேடுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று, மனிதருக்கு இழைக்கும் அநீதியுமாகும்.

2013 டிசெம்பரில், திருக்கேதீச்சரத்துக்கு அருகே வீதியோரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் 80க்கு மேற்பட்டவை எடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையான கோதுமை மணிக்குக் காலம் கணிக்க முடிந்த நம் அறிவுலகம், இவ்வெலும்புகளுக்குப் பெயர் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. 2025இற் காற்றாலை, கனியமணற் திட்டங்களுக்கெதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தபோது எழுப்பிய வினாவும் பழையதே: கரையின் செல்வம் யாரால், யாருக்காக?

மாந்தை மேட்டில் தோண்டப்படாத பகுதி இன்னும் மிகுதி. அங்கு அடுத்து இறங்கும் மண்வெட்டி அரசனின் பெயரை மட்டும் தேடுமாயின், நாம் இழப்பது வரலாற்றின் பெரும்பகுதியையே. பாப்பாமோட்டைக்குத் திரும்பும் வழியில், தலைச்சுமையோடு கரையிலிருந்து வீடு திரும்பும் சிலரைக் கண்டோம். மாந்தையின் வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்கப்படல் வேண்டும்.