வறண்ட நிலத்தில் கிடந்த சடலம்: இறந்த நாளை ஈக்கள் சரியாகச் சொல்லுமா?

ஒருவர் எப்போது இறந்தார் என்பதை உடலில் மொய்க்கும் ஈக்களை வைத்தே கணக்கிடலாம். இதற்குத் தடயப் பூச்சியியல் என்று பெயர். ஆனால் பாலைவனத்தில் இந்தக் கணக்கு சொதப்பிவிடும். ஏன்?

ஈ எப்படி கடிகாரம் ஆகிறது?

உயிர் போன சில நிமிடங்களிலேயே பச்சை, நீல நிறத்தில் மின்னும் ஈக்கள் வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என ஈரமான இடமாகப் பார்த்து முட்டையிடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாக எத்தனை நாள் ஆகும் என்பதை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. புழுவின் வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் முட்டையிட்ட நாள் கிடைக்கும். கவனிங்க, கிடைப்பது முட்டையிட்ட நாள்தான். ஈ தாமதமாக வந்திருந்தால்?

பாலைவனத்தில் என்ன சிக்கல்?

சுட்டெரிக்கும் மதியத்தில் ஈக்கள் அதிகம் பறக்காது. அதற்குள் சருமம் காய்ந்து பதப்படுத்திய தோல் மாதிரி இறுகிவிடும். புழுக்களுக்கு ஈரம் வேண்டும், அதனால் காய்ந்த தோலை அவற்றால் தின்ன முடியாது. போதாக்குறைக்கு எறும்புகள் முட்டைகளையே தூக்கிக்கொண்டு போய்விடும். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பகுதிகளில் இருக்கும் 'கிரைசோமியா அல்பிசெப்ஸ்' என்ற ஈயின் புழு இன்னும் மோசம். முன்னால் வந்த மற்ற ஈக்களின் புழுக்களையே அது தின்றுவிடும். அதாவது சாட்சியையே சாட்சி விழுங்கிவிடுகிறது!

காய்ந்த உடலுக்கு அடுத்து வருபவை தோல் வண்டுகள். அருங்காட்சியகங்களில் எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்ய வளர்க்கிறார்களே, அதே இனம்தான். ஆனால் இவற்றை வைத்து நாள் கணக்கில் நேரம் சொல்வது கடினம்.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

2002 பிப்ரவரி தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியாகோவில் 7 வயதுச் சிறுமி வீட்டிலிருந்து காணாமல் போனார். அந்த மாதம் 27-ம் தேதி ஊருக்கு வெளியே சடலம் கிடைத்தது. அது பாலைவனம் இல்லை என்றாலும் வறண்ட பகுதி. உடலும் ஓரளவு காய்ந்து போயிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாரத்திலிருந்தே போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். ஈக்கள் வந்தது மாத நடுவில்தான் என்றனர் அவர் தரப்பு நிபுணர்கள். அப்படியானால் உடலைப் போட்டது அவர் இல்லை என்பது வாதம். உடல் காய்ந்ததால் ஈக்கள் தாமதமாகியிருக்கலாம், எறும்புகள் முட்டைகளைத் தின்றிருக்கலாம் என்றது அரசுத் தரப்பு.

அவரது ஜாக்கெட்டில் இருந்த சிறுமியின் ரத்தக்கறை உள்ளிட்ட தடயங்கள் அவருக்கு எதிராக இருந்தன. ஜூரி குற்றவாளி என்றது. 2003 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.