மீளும் சிறுநீரகம்: ஓசூர் எல்லைப் பகுதியில் டயாலிசிஸ் வந்த வழி

டயாலிசிஸ் எனப்படும் ரத்தச் சுத்திகரிப்பு இன்று வாழ்நாள் முழுதும் தொடரும் சிகிச்சையாகவே பலருக்கும் தெரிந்திருந்தாலும், தோன்றிய காலத்தில் அது திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் தானாக மீளும்வரை உயிரைத் தாங்கி நிற்கும் ஏற்பாடாகவே கருதப்பட்டது. நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப், தொத்திறைச்சியின் உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி அமைத்த இயந்திரத்தால் 1945 செப்டம்பரில் காப்பாற்றப்பட்ட 67 வயதுப் பெண், தம் சிறுநீரகமே மீண்டும் இயங்கத் தொடங்கியதால்தான் அதன்பின் இயந்திரமின்றி வாழ்ந்தார்.

தமிழகத்தில் இச்சிகிச்சை 1960-களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறிமுகமான வேளையில், சேலம் மாவட்டத்தின் வடமேற்குக் கோடியில் கிடந்த ஓசூர், கேழ்வரகும் கொள்ளும் விளையும் வறண்ட மேட்டு நிலமாகவே இருந்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் ஊர் பெருகியது. ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவின் மருத்துவமனைகள் எல்லை தாண்டிய புகலிடமாயின. ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022-இல்.

வயலில் தீண்டும் கண்ணாடி விரியனின் நஞ்சு, கடும் வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று ஆகியவை சிறுநீரகத்தைத் திடீரென நிறுத்திவிடக்கூடும். ஆயினும் அதன் நுண்குழாய்ச் செல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் புதிதாக வளர்ந்துவிடுகின்றன. இந்த மீட்சியைக் கண்டறிவது எளிதன்று, ஏனெனில் தசையிலிருந்து வெளியேறும் கழிவான கிரியாட்டினினை இயந்திரமும் குறைப்பதால், சிறுநீரகத்தின் சொந்த உழைப்பு அதற்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு சுத்திகரிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அந்த அளவு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும், 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்து அளந்தால் கிடைக்கும் கணக்குமே உண்மையைச் சொல்கின்றன. ஏற்றம் தளர்ந்து சிறுநீர் பெருகினால் சுத்திகரிப்பைக் குறைக்கலாம். சில வேளைகளில் சிறுநீர் அளவுக்கு மிஞ்சிப் பெருகி உடலின் நீரையும் பொட்டாசியத்தையும் வற்றச் செய்வதால், மீட்சியின் நாள்களிலும் கவனம் தளரக் கூடாது. சுத்திகரிப்பின்போது ரத்த அழுத்தம் சரிவதும், வலி மாத்திரைகளும் மீளத் தொடங்கிய உறுப்பை மறுபடி காயப்படுத்தும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது, வயிற்றறைக்குள் திரவம் செலுத்திக் கழிவை நீக்கும் முறைக்கான பைகளும் வீடுதேடி வழங்கப்படும் சேவைகளில் சேர்ந்தன. சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தோருக்கு இது பெரும் ஆறுதல். தற்காலிக நோயாளிக்கோ பையைவிட கிரியாட்டினின், சிறுநீர் அளவுகளின் குறிப்பே முதல் தேவை. செயலிழப்பு மூன்று மாதங்களைத் தாண்டினால்தான் நிலையானதாகக் கொள்ளப்படும் என்பதால், பெங்களூருவில் தொடங்கிய சிகிச்சை ஓசூரில் தொடரும்போது அந்தக் குறிப்பும் நோயாளியுடன் எல்லையைக் கடந்து வரவேண்டும்.