ராயபுரம் ஸ்டேஷனும் மாஸ்டடானும்

சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட மீஞ்சூர்ல ரயில் ஏறி, திருவொற்றியூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் காபியைக் கையில கொடுத்துட்டே, "மாமா, ட்விட்டரை விட்டுட்டேன். மாஸ்டடானுக்குப் போயிட்டேன். நீங்களும் வந்துடுங்க"ன்னான். அவன் இருக்கிற இடத்துல முந்நூறு பேர்தானாம். விளம்பரம் இல்லை, வசவு இல்லை, செடி கொடி, பறவைன்னு பேச்சாம்.

"இதுக்கு முன்னாடியும் ஒரு கூட்டம் இப்படிக் கிளம்பிப் போச்சேடா"ன்னேன். அந்தக் கதைதான் இது.

2019 அக்டோபர் கடைசியில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அவர் முகப்பில் வைத்திருந்தது 1936ஆம் வருஷத்துப் படம். ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒரு தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கணக்கு திரும்பக் கிடைத்தது. அப்புறம் கோரக் பாண்டேயின் இந்திக் கவிதையைப் பகிர்ந்ததற்காக மறுபடி முடக்கினார்கள். அந்தக் கோபத்தில், நவம்பரில் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்கள் என்று நிறைய பேர் மாஸ்டடானுக்குப் போனார்கள்.

ஜெர்மனியில் இருக்கும் யூகென் ரோச்கோ 2016ல் வெளியிட்டது அது. ஒரே கம்பெனி, ஒரே முதலாளி என்ற கணக்கு அங்கே கிடையாது. யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி, தனித்தனி காவல். ஆனால் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம்.

புரியலைன்னா நம்ம ராயபுரம் ஸ்டேஷனை நினைச்சுக்குங்க. 1856 ஜூலை 1ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது இங்கேயிருந்துதான். 1873ல் சென்ட்ரல் வந்தது, பெரிய வண்டியெல்லாம் பிறகு அங்கே போய்விட்டது. ஆனாலும் ராயபுரத்தில் இன்னைக்கும் ரயில் நிற்குது. தண்டவாளம் பொதுவா இருக்கிறதால சின்ன ஸ்டேஷனில் ஏறினாலும் எங்கேயும் போகலாம். மாஸ்டடானின் யோசனையும் அதேதான்.

அப்படின்னா போனவர்கள் ஏன் தங்கலை? 2019ல் போனவர்களில் பலர் சீக்கிரமே பழைய இடத்துக்கே வந்துட்டாங்க. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது உலகம் முழுக்க இன்னொரு அலை. மூன்று லட்சம் பேர் புழங்கிய மாஸ்டடானில் நவம்பருக்குள் சுமார் 25 லட்சம் பேர். சில மாதத்தில் அதிலும் ஒரு பகுதி வடிந்தது.

தண்டவாளம் இருந்தும், நாம பார்க்கப் போற ஆள் அந்த ஊர்ல இல்லையே! கோபத்துல ஒரே நாள்ல கிளம்பிடலாம். தங்குறதுக்கு அக்கம்பக்கம் வேணும்.

இன்னொரு காரணம் எண்ணூர். 2017 ஜனவரி 28ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி, எண்ணெய் கரை ஒதுங்கியது. ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். அந்தப் படம் பெரிய தளங்களில் பரவித்தான் ஊரே அதிர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். படகும் வலையும் கறுத்துப்போன மீனவர் அந்தப் படத்தை முந்நூறு பேரிடம் மட்டும் காட்டி என்ன செய்வார்? அதிகாரி, பத்திரிகை, நகரத்துல இருக்கிற நீங்க எல்லாரும் பெரிய இடத்துலதானே இருக்கீங்க?

பேச்சுத்துணைக்குத் தேடுறவன் பெரிய இடத்தை விட்டுடலாம். முறையிட வேண்டியவன் விட முடியாது. விட்டவங்களைக் குறை சொல்லலை. யாரால விட முடியுதுன்னு பார்க்கணும்னு சொல்றேன்.

இதைச் சொன்னதும் அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கணக்கை அழிக்கலை மாமா, போன்ல இருந்து எடுத்துட்டேன், அவ்வளவுதான்"னான்.

"அழிக்காதே. அடுத்த தடவை எண்ணெய் வந்தா உன் கூட்டாளிங்க போடுற படத்தை நாலு பேருக்குக் காட்ட அது வேணும்"ன்னேன்.

அவன் சொன்ன சின்ன இடத்துல நானும் ஒரு கணக்கு ஆரம்பிச்சுட்டேன். தினம் ராத்திரி மோட்டாரை நிறுத்திட்டு வந்து அங்கே பத்து நிமிஷம். பெரிய இடத்துக் கணக்கும் அப்படியே இருக்கு.