மூக்கை நிமிர்த்திய வில்லிஸ்

கால் மைல் பந்தயத்துக்காக மாற்றிக் கட்டப்பட்ட 1941ஆம் வருஷத்து வில்லிஸ் கூபே எங்கே நின்றாலும், முதலில் கண்ணில் படுவது அது நிற்கிற தோரணைதான். உடல் முழுக்கத் தரையிலிருந்து எழும்பியிருக்கும். மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கல். முன்சக்கரங்கள் ஒல்லி; பின்னால் பட்டன் எதுவும் இல்லாத வழவழப்பான டயர்கள், அவற்றுக்கு இடம் விட்டு வட்டமாக வெட்டப்பட்ட மட்கார்டு. பானெட்டில் போட்ட ஓட்டை வழியே சூப்பர்சார்ஜர் தலை நீட்டும். கிரில்லுக்கு முன்னால் பளபளவென்று ஒரு அலுமினியப் பெட்ரோல் டேங்க் தொங்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதையெல்லாம் ஒப்பனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் காரில் காரணமில்லாமல் செய்த வேலை ஒன்றுகூடக் கிடையாது.

ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் இருந்த வில்லிஸ்-ஓவர்லேண்ட் கம்பெனியை நம்மவர்களுக்கு ஜீப் வழியாகத் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு மஹிந்திரா இங்கே பூட்டிக் கொடுத்தது அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான். போருக்கு முன்னால் அதே கம்பெனி சின்ன, மலிவான கார்களைச் செய்துவந்தது. 1941 கூபேயின் எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் இருந்தது நாலு சிலிண்டர், 134 கன அங்குல எஞ்சின். ஜீப்பை இழுத்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். 1942இல் அமெரிக்கா முழுக்க கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபின் வில்லிஸ் ஜீப்பைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூபே திரும்ப வரவேயில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் அது காயலான் கடைச் சரக்காகிவிட்டது. ஃபோர்டையும் செவர்லேயையும் விட எடை குறைவு, விலையும் குறைவு. வேகத்துக்கு ஆசைப்பட்டு, கையில் காசில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஆசை கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களிலேயே தொடங்கிவிட்டது. மியூராக் படுகையில் ஓடியவர்கள் 1937இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பிய பையன்களுக்கு மெக்கானிக் வேலை அத்துப்படி. அவர்கள் ஊர்த் தெருக்களிலேயே போட்டி போடத் தொடங்கியதும் விபத்துகள் பெருகின; போலீஸ் துரத்தியது; பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. இதற்கு ஒரு வழி தென்பட்டது 1950இல். சி. ஜே. ஹார்ட்டும் கூட்டாளிகளும் சான்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் கால் மைலை அளந்து, நுழைவுக்கு 50 சென்ட் வாங்கிக்கொண்டு, வாரந்தோறும் பந்தயம் நடத்தினார்கள். வேகத்துக்காக மாற்றிக் கட்டிய இத்தகைய கார்களுக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். மறுவருஷம் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். அதன் முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் நடந்தது. அதுவும் போர்க்காலத்து விமானத் தளம்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்ததும் போர்க்கால ஓடுபாதையில்தான். இரண்டு தேசங்களிலும் பந்தயப் பைத்தியங்களுக்கு இடம் கொடுத்தது அந்தப் பழைய கான்கிரீட்.

கால் மைல் என்றால் 402 மீட்டர். இரண்டு கார்கள், நேர்ப் பாதை, வளைவு இல்லை. ஆனால் பத்து வகைக் கார்களை ஒரே தட்டில் நிறுத்திப் பார்க்க முடியாது. அதனால் எடையையும் எஞ்சின் அளவையும் வைத்து வகுப்புகள் பிரித்தார்கள். அதில் ஒரு வகுப்புக்குப் பம்பில் கிடைக்கும் பெட்ரோல் மட்டுமே எரிபொருள். கார் முழு உடலோடு, மட்கார்டோடு, விளக்கோடு தெருக் காராகவே தெரிய வேண்டும். இந்த வகுப்பின் கார்களைத்தான் ‘கேஸர்’ என்றார்கள். 1957இல் சங்கம் நைட்ரோமீத்தேன் என்ற வீரியமான பந்தய எரிபொருளைத் தடை செய்தது. ஆறேழு வருஷம் நீடித்த அந்தத் தடையால் கூட்டம் பெட்ரோல் கார்கள் பக்கம் திரும்பியது. தான் ஓட்டி வந்த காரின் சாயலில் ஒன்று பறப்பதைப் பார்ப்பதில் ஜனங்களுக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது.

மூக்கு ஏன் தூக்கியிருக்கிறது? அன்றைய பந்தய டயர்கள் குறுகலானவை, ரப்பரும் கெட்டி. ஐநூறு குதிரைத் திறனைக் கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும், கார் நகராது. பிடிப்பு வேண்டுமென்றால் புறப்படுகிற கணத்தில் எடை பின்சக்கரத்தின் மேல் போய் விழ வேண்டும். தலையில் குடத்தோடு நிற்பவரைத் திடீரென்று முன்னால் இழுத்தால் குடம் பின்னால்தானே சாயும்? காரின் கனம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பின்னால் சாயும். ஆகவே எஞ்சினை மேலே தூக்கினார்கள். சங்கத்து விதி கிராங்க் ஷாஃப்டின் மையத்தைத் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் விடவில்லை. எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுவதற்கும் வரம்பு வைத்தது. இரண்டிலும் எல்லை வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். முன்னால் இருந்த சஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயில் செய்த ஒற்றை ஆக்ஸிலையும் பட்டா ஸ்பிரிங்கையும் கட்டினார்கள். எளிய அமைப்பு, காரும் உயர்ந்து நிற்கும்.

எஞ்சின் கதை இன்னும் சுவையானது. பானெட்டுக்கு மேல் துருத்தும் அந்த சூப்பர்சார்ஜர் பந்தயத்துக்காகப் பிறந்ததே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் கொண்டுவந்த டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில், சிலிண்டருக்குள் காற்றை ஊதித் தள்ள வைத்திருந்த ஊதி அது. 6-71 என்ற அதன் பெயர் டீசல் எஞ்சினின் அளவைச் சொல்வது: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். போரில் துருப்புகளைக் கரை சேர்த்த படகுகளிலும் ஷெர்மன் டாங்கிகளில் ஒரு ரகத்திலும் அந்த எஞ்சின் ஓடியது. பிறகு லாரியிலும் பஸ்ஸிலும் ஓடியது. பார்னி நவாரோ போன்ற முன்னோடிகள் அந்த ஊதியின் சின்ன வடிவத்தை ஃபோர்டு வி-8 மேல் பெல்ட் போட்டுப் பூட்டி வழி காட்டினார்கள். கனரக வண்டிக்கான சாமான், ஒரு டன் காரின் நெற்றியில் ஏறி உட்கார்ந்தது. கியர் பெட்டியிலும் இதே கதைதான். சொகுசுக்காக 1940 மாடலில் ஓல்ட்ஸ்மொபில் கொடுத்த ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக்கைக் கெட்டிப்படுத்திப் பந்தயத்தில் ஓட்டினார்கள். தனக்கு விதிக்கப்படாத வேலையில் போய்ச் சாதித்த பாகங்கள் இவை. கேஸரின் பெருமையே அதுதான்.

ஆட்களும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃப்ரெட் ஸ்டோன், டிம் வுட்ஸ் என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள் உரிமையாளர்கள். டக் குக் என்ற வெள்ளையர் ஓட்டுநர். மூவர் பெயரும் கதவில் வரிசையாக எழுதிய நீல நிற வில்லிஸ், 1960களின் தொடக்கத்தில் தேசம் முழுக்கச் சுற்றியது. சமஉரிமைக்காகத் தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கதவைப் பார்த்த கூட்டத்துக்கு அது வெறும் பந்தய விளம்பரமாக மட்டும் இருந்திருக்காது. அவர்களுக்கு நேர் எதிரி ஜான் மஸ்மானியன். ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த அவரது வில்லிஸ், அடியில் உலோக மினுமினுப்பும் மேலே ஒளி ஊடுருவும் சிவப்பில் பல பூச்சுமாக, வெயிலில் கனன்றது. ஒஹாயோவில் ‘ஒஹாயோ ஜார்ஜ்’ மாண்ட்கோமரி 1933 மாடல் வில்லிஸில் கேடிலாக் எஞ்சினை ஏற்றி, 1959 தேசியப் போட்டியில் பட்டம் வென்றார். இவர்களுக்கு கேம் ஷாஃப்ட் விற்ற கம்பெனிகள், யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்று பெயர் சொல்லிப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுச் சண்டையை மூட்டிவிட்டன. அடுத்த வாரம் மைதானம் நிரம்பியது.

இதெல்லாம் நெடுநாள் நிலைக்கவில்லை. டயர் அகலமாகி, ரப்பர் மிருதுவாகிப் பிடிப்பு வந்துவிட்டது. உயரத்துக்குத் தேவை போயிற்று. உயர்ந்த கார் காற்றை எதிர்க்கும், தறிகெட்டால் கவிழும். மாண்ட்கோமரி 1967இல் தாழ்வான மஸ்டாங்குக்கு மாறினார். கண்ணாடி இழை உடலை அப்படியே தூக்கித் திறக்கும் ‘ஃபன்னி கார்’கள் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. 1970களின் தொடக்கத்தில் கேஸர் வகுப்புகள் மங்கி மறைந்தன. அவற்றின் கோலத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்ததில் சினிமாவுக்குப் பங்குண்டு. 1971இல் வந்த ‘டூ-லேன் பிளாக்டாப்’ படத்தின் 1955 செவர்லே, கறுப்பு பூசிக்கொண்டு 1973இன் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யிலும் ஓடியது.

இன்று ஒரு வில்லிஸைப் பழைய பந்தயக் கோலத்தில் புதுப்பிக்கிறவருக்கு முதல் சிக்கல் தகரம். நல்ல இரும்பு உடல் அபூர்வம். அச்சில் வார்த்த கண்ணாடி இழை உடல்களோ ஆர்டர் கொடுத்தால் வரும். அதில் தவறில்லை, அன்றைய பந்தயக்காரர்களே எடை குறைக்கக் கண்ணாடி இழையில் முன்பாகங்களைப் போட்டவர்கள்தான். உறுத்துவது வேறு: மூக்கை மட்டும் தூக்கி வைத்து, கீழே இன்றைய அகல டயரும் மென்மையான சஸ்பென்ஷனும் பூட்டுவது. பிடிப்புக்குக் குறைவில்லாத டயரின் மேல் உயரம் வெறும் வேஷமாகிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் அன்றைய அளவில் குறுகிய டயரைத் தேடிப் பிடிக்கிறார்கள்; எக்ஸாஸ்ட் குழாயை முன்மட்கார்டின் உட்புறம் வழியாகவே வெளியே எடுக்கிறார்கள்; கதவு எழுத்தை ஸ்டிக்கரில் ஒட்டாமல் தூரிகையால் எழுதவைக்கிறார்கள். பிரேக்கிலும் ஓட்டுநரைக் காக்கும் கம்பிக் கூண்டிலும் மட்டும் பழமை பார்ப்பதில்லை. அது சரியான முடிவு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இந்த ரகத்துக்கென்றே தொடர் பந்தயம் நடக்கிறது. 1967க்குப் பிந்தைய கார் அங்கே பாதையில் இறங்க முடியாது. ஆட்டோமேட்டிக் கியருக்கும் இடமில்லை. கிளட்சை மிதித்துக் கையால்தான் கியர் போட வேண்டும்.