கஞ்சித் தொட்டி

குறைந்த தானியத்தில் நீரை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சும் உணவு கஞ்சி ஆகும். சோறாக வடிக்கும் அரிசியையே கஞ்சியாகக் காய்ச்சினால் அளவு கூடி, பலர் பகிர்ந்து குடித்துப் பசியைச் சிறிது நேரம் தணித்துக்கொள்ளலாம். தென்காசி மாவட்டம் ஆலங்குளம் போன்ற, குளங்களையும் மழையையும் நம்பிய ஊர்களில் கம்பும் சோளமும் இவ்வாறே கஞ்சியாகவும் கூழாகவும் உண்ணப்பட்டன.

பஞ்ச காலத்தில் பொதுமக்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் கஞ்சித் தொட்டி எனப்பட்டது. 1782இல் சென்னையில் பஞ்சத்தால் தவித்தோருக்குக் கஞ்சி வழங்கிய மணியக்காரர் சத்திரம், பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. மக்கள் அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர்.

ஐரோப்பாவில் 1790களில் ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் நகர ஏழைகளுக்காக பார்லி, பட்டாணி கொண்டு மலிவான சூப் தயாரித்தார். சூப்பிலுள்ள நீரும் ஊட்டம் தரும் என அவர் நம்பினார். அது தவறான கருத்தாகும்.

உணவின் அளவைக் குறைப்பதன் ஆபத்தைத் தாது வருடப் பஞ்சம் (1876–78) காட்டியது. 1877 தொடக்கத்தில் அரசுப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்க, நிவாரணப் பணியாளரின் நாள் கூலியை ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியத்தின் விலையும் சிறிதளவு காசுமாகக் குறைத்தார். உழைப்பவர் உடல் இதைத் தாங்காது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது.

கஞ்சி வீட்டுச் செலவைக் குறைக்கும். ஆனால் உயிரைக் காப்பது அதிலுள்ள தானியத்தின் அளவே.