மெலோடிக் மெட்டலை ஆற்றுகையாகப் பார்த்தல்: கண்டி, கொழும்பு, சிங்கப்பூர்

கண்டியில் 2001இல் உருவான பரனோய்ட் ஏர்த்லிங், கொழும்பின் ஸ்டிக்மாட்டா ஆகிய பெயர்கள் இலங்கை ரொக் ரசிகர்களுக்கு நன்கு பழக்கமானவை. நமது அரங்கியல், இசையியல் ஆய்வுகளில் அவை தென்படுவது அபூர்வம். ஏன் என்று கேட்டால் ஆங்கிலப் பாட்டு, இறக்குமதிச் சரக்கு, காதைப் பிளக்கும் சத்தம் என்ற பதில் வருகிறது. எசல பெரஹராவின் மேள முழக்கத்துக்குப் பழகிய ஊர் சத்தத்தைக் குறைசொல்வது வேடிக்கைதான், அதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டு குறைகளும் பதில் சொல்லத்தக்கவை. மெலோடிக் மெட்டல் எனும் இந்த இசை எங்கிருந்து வந்தது, எந்த மொழியில் பாடுகிறது என்பதை வைத்து அதை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒத்திகை, மேடை, பயணம், பார்வையாளர் ஆகியவை சேர்ந்த ஆற்றுகையாக அதைக் கொள்ளும்போதுதான் அதன் உழைப்பும் உள்ளூர்த்தன்மையும் தெரியவரும்.

இசையின் உள்ளமைப்பிலிருந்தே தொடங்கலாம். மெலோடிக் மெட்டலின் உயிர், இரண்டு கிற்றார்கள் ஒரே மெலடியைச் சுர இடைவெளியோடு சேர்ந்து வாசிக்கும் இரட்டைக் கிற்றார் முறையில் இருக்கிறது. 1970களில் விஷ்போன் ஆஷ், தின் லிசி போன்ற குழுக்கள் கையாண்ட இந்த முறையை, 1975இல் கிழக்கு லண்டனில் தோன்றிய அயன் மெய்டன் தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1995, 1996 அளவில் சுவீடனின் கோதன்பேர்க் நகரத்துக் குழுக்களான அற் த கேட்ஸ், டார்க் ட்ராங்குவிலிட்டி, இன் ஃபிளேம்ஸ் ஆகியவை அதைக் கடூரமான குரலோடு இணைத்தன. இக்குழுக்கள் பெரிதும் கையாளும் மைனர் சுரவரிசை நமது நடபைரவி மேளத்தின் அதே ஏழு சுரங்களால் ஆனது. முதல் கிற்றார் ச, ரி, க என்று ஏறும்போது இரண்டாவது கிற்றார் க, ம, ப என்று கூடவே ஏறும். இருவருக்கும் இடையிலான தூரம் மாறாமல் இருப்பதில்லை. சவுக்கும் கவுக்கும் இடையே மூன்று அரைச்சுரங்கள். கவுக்கும் பவுக்கும் இடையே நான்கு. ஏழு சுரங்களையும் கணக்கிட்டால் நான்கு இடங்களில் மூன்று, மூன்று இடங்களில் நான்கு. ஆகவே இரண்டாமவர் முதலாமவரின் விரலமைப்பை அப்படியே மேலே நகர்த்தி வாசித்துவிட முடியாது. அவருடையது தனிப் பாடம்.

கர்நாடகக் கச்சேரியில் வயலின் பாடகரை நிழலாகத் தொடர்ந்து செல்லலாம், சற்றுப் பிந்தலாம், அதுவே அழகு. இங்கே பிந்தினால் குழப்பம். ஒலியைச் சிதைத்துப் பெருக்கும் அம்பிளிஃபயர் ஒன்றுக்குள் இரண்டு சுரங்களைச் சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் கலங்கிய இரைச்சல்தான் வெளிவரும். அதனால்தான் இரண்டு வாசிப்பவர்கள், இரண்டு அம்பிளிஃபயர்கள். ஆடம்பரம் போலத் தெரிவது உண்மையில் தேவை. இத்தகைய ஒத்திசைவு இசைத்தட்டைக் கேட்டு நகலெடுப்பதால் கைகூடுவதில்லை. இருவர் ஓர் அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால்தான் வரும். இறக்குமதிச் சரக்கு என்ற வாதம் இந்த அறை வாசலிலேயே வலுவிழக்கிறது.

ஸ்டிக்மாட்டாவின் பாடகர் சுரேஷ் டி சில்வா. கிற்றார் டெனிசன் நெப்போலியன். த்ராஷ் வேகமும் நீண்ட மெலடிகளும் கலந்த இக்குழுவின் அல்பங்கள் 2003, 2006, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்தன. இடைவெளி மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று கூடிக்கொண்டே போவதைக் கவனிக்க வேண்டும். பதிவுகளை மட்டும் வைத்து வரலாறு எழுதுபவர் அந்த இடைவெளிகளை மௌனம் என்றே வாசிப்பார். குழு வாழ்ந்ததோ அந்தக் காலத்தின் மேடைகளில்.

மிர்ஷாட் பக்மன் பாடும் பரனோய்ட் ஏர்த்லிங்கைக் கண்டிப்பான பொருளில் மெலோடிக் மெட்டல் எனச் சொல்ல முடியாது. கிரஞ்சும் சைக்கெடெலிக் ரொக்கும் சேர்ந்த பாணி அது. ஆனால் மலைநாட்டுக் குழுவொன்றின் நிலையை அது நன்றாகக் காட்டுகிறது. இந்த இசைக்கான மேடைகளும் ரசிகர்களும் பெரும்பாலும் கொழும்பில். கண்டியிலிருந்து ட்ரம்ஸையும் அம்பிளிஃபயர்களையும் வானில் ஏற்றிக் கடுகண்ணாவை இறக்கம் வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். சொந்த ஊர் ஹோட்டல்களிலும் கலியாண வீடுகளிலும் கேட்பது பைலாவும் பிறர் பாட்டுகளும்தான். 2022 மார்ச்சில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டபோது, மின்சாரத்தையே மூச்சாகக் கொண்ட கலை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மண்ணின் அடையாளத்தைச் சேர்த்தால் போதுமே என்பார்கள். அதற்குச் சிங்கப்பூரின் ருத்ரா நல்ல உரைகல். 1992இல் தொடங்கிய இக்குழுவின் பாடகரும் பேஸ் கிற்றார் வாசிப்பவரும் கதிரேசன். 2005, 2009, 2011 ஆண்டுகளில் வந்த பிரம்மவித்யா அல்பங்கள் மூன்றும் வேதாந்தத்தைப் பேசுகின்றன. யூஜின் டைரியநாதன் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ‘வேத மெட்டலை’ச் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு வைத்து ஆராய்கிறது. சிறுபான்மையாக வாழும் புலம்பெயர் சமூகத்தில் அக்கேள்வி இயல்பாக எழுவது. அதையே அளவுகோலாக்கி, கண்டிக் குழு ‘கெட்ட பெர’ என்ற கண்டிய மேளத்தை முழக்கினால்தான் உள்ளூர்க் குழு என்பது சுற்றுலா விளம்பரத்தின் தர்க்கம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளூர்த்தன்மை பற்றிய இந்த விவாதம் புதிதும் அல்ல. சு. வித்தியானந்தன் கர்ணன் போரை 1962இலும் இராவணேசனை 1964இலும் மேடையேற்றியபோது, விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய மட்டக்களப்புக் கூத்து, பல்கலைக்கழக மாணவர்களின் உடல் வழியாகச் சுருங்கிய நேரத்துக்குள்ளும் படச்சட்ட மேடைக்குள்ளும் வந்தது. அங்கே மரபு, இங்கே அந்நிய வடிவம் என்ற வேறுபாடு பெரிதுதான். ஆனாலும் ஒரு வடிவத்தை ஓரிடத்துக்குரியதாக்கியது பயிற்சியும் மேடையும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கூத்து மீளுருவாக்கத்தை நாம் அறிவது அதில் ஆடியவர்களே பின்னர் எழுதியதால், சி. மௌனகுரு அவர்களில் முதன்மையானவர்.

மெட்டல் குழுக்களுக்கு அப்படியொரு பதிவாளர் வட்டம் இன்னும் உருவாகவில்லை. உறுப்பினர்கள் வேலை தேடி வெளிநாடு போகிறார்கள், சுவரொட்டிகள் குப்பைக்குப் போகின்றன, ஒத்திகைப் பதிவுகள் பழைய கைத்தொலைபேசிகளோடு அழிகின்றன. நாடகமும் அரங்கியலும், இசை ஆகிய துறைகளில் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் கண்டி, கொழும்புக் குழுக்களின் ஒத்திகை அறைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போகட்டும். மேற்பார்வையாளர்கள் அதைத் தடுக்காதிருக்கட்டும்.